காலையில் தண்ணீர், மாலையில் காற்று

ராஜி, குமார், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். போன மாதம் ராஜியின் மாமியார் என்னைப் பார்த்ததும், "சம்பந்தி, நீங்க துர்க்கை மேலயே விழுந்தீங்களாமே, கை ஒண்ணு உடைஞ்சு போச்சாமே?" என்று கேட்டார்கள். என் கையா, அம்மன் கையா என்று கேட்டேன். "ரெண்டும்னுல்ல ராஜி சொன்னா" என்றார்கள். ஆகையால் நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவைத்துவிடுகிறேன். நான் அம்மன் மேல் விழவில்லை. பழத்தட்டின் மேல்தான் விழுந்தேன். உடைந்தது ஒரு வெள்ளரிக்காய்.

ஒரு மொழி அறவே தெரியாதவனுக்கு ஆபத்து இல்லை. நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவான். நான் தலையாட்டுவதில் பெரிய கெட்டிக்காரன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எஸ்.எஸ்.எல்.சி. படிப்போடு திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பவானிபூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். ராஜி அப்போது ஒன்றாம் வகுப்பு. குமார் இடுப்பை விட்டு இறங்காத வயது.

துறைமுக வேலை என்றால் நான் மூட்டை தூக்கியதாக நினைத்துவிடாதீர்கள் (நீங்கள் உங்கள் சிநேகிதர்களிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்). நான் தூக்கியது காகிதம். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் காகிதம் நகர்ந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு ரசகுல்லா. நகராவிட்டால் அந்தத் துக்கத்துக்கு ஒரு மிஷ்டி தோய், அதுதான் அந்த ஊர் இனிப்புத் தயிர், மண்சட்டியில். நடுநடுவே சர்க்கரை கரையாமல் அடியில் நிற்கும் டீ. சாயங்காலம் கத்தரிக்காயைக் கடலைமாவில் முக்கிப் பொரித்த பேகுனி. வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மாவின் இட்லியும் எள்ளுப்பொடியும், எண்ணெய் மிதக்க. நடை என்பது பஸ்ஸில் ஏறும் படிக்கட்டோடு சரி.

அந்த வருஷம்தான் பாளையங்கோட்டையில் உங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நான் செருப்பு மாட்டும்போதெல்லாம் என் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். உங்கள் அம்மா அதைக் கவனித்துவிட்டாள். "பார்த்துக்கிட்டே இருந்தா விரல் நிக்குமா? போய் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எடுத்தேன். ரிசல்ட்டை வாங்கிப் பார்த்த எங்கள் தெரு டாக்டர்பாபு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, வயதானவர். அந்தத் தெருவில் பாதிப் பேர் பிறந்தபோது கூட இருந்தவர். எனக்கு அரை பெங்காலி தெரியும் என்று நான்தான் முதலிலேயே பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். ஆகையால் அவர் முழு பெங்காலியில், முழு வேகத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இப்போதே சாப்பாட்டையும் பழக்கத்தையும் திருத்திக்கொண்டால் தப்பிக்கலாம். துர்கா பூஜை முடிந்ததும் மறுபடி டெஸ்ட். அப்போதும் இறங்கவில்லை என்றால் மாத்திரைதான், ஆயுசுக்கும்.

"என்ன சாப்பிட வேண்டும்?" என்று கேட்டேன்.

"ஷொகாலே ஜோல்காபார். துபுரே ஒல்போ பாத். பிகேலே ஹாவா காபேன். ராத்ரே ஹால்கா."

நான் தலையாட்டினேன்.

தெருவில் நடந்துகொண்டே பதம் பிரித்தேன். துபுரே ஒல்போ பாத் என்றால் மத்தியானம் கொஞ்சம் சோறு. அதில் சந்தேகமில்லை. ஷொகாலே என்றால் காலையில். ஜோல் என்றால் தண்ணீர், காபார் என்றால் சாப்பாடு. ஆகக் காலையில் தண்ணீர்தான் சாப்பாடு. பிகேலே என்றால் சாயங்காலம். ஹாவா என்றால் காற்று. காபேன் என்றால் சாப்பிடுங்கள். ஆகச் சாயங்காலம் காற்றைச் சாப்பிட வேண்டும்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. நம் முனிவர்கள் காற்றையும் தண்ணீரையும் உட்கொண்டுதானே நூற்றாண்டு கணக்கில் இருந்தார்கள்? ஒரு முனிவருக்காவது சர்க்கரை வியாதி வந்ததாகக் கேட்டதுண்டா? டாக்டர்பாபு மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

"என்ன சொன்னாரு?" என்றாள் உங்கள் அம்மா.

"காலையில தண்ணி. சாயங்காலம் காத்து."

"சாப்பாட்டைச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்லுதேன்."

அவள் என்னையும் ரிசல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரிய டாக்டர்ங்கீங்க. உங்க காதுல விழுந்தது சரிதானா?"

"எனக்கு பெங்காலி தெரியாதுங்கியா?" என்று கோபித்துக்கொண்டேன். அதோடு அவள் வாயை மூடிவிட்டாள். கட்டைவிரல் ஞாபகம் அவளுக்கும் இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய டம்ளரில் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். வயிறு குடத்தைப் போலக் குலுங்கியது. படியிறங்கும்போது கீழ்வீட்டு பௌதி வாசலில் நின்றிருந்தார். (பௌதி என்றால் அண்ணி. எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி. ராஜியை மடியில் வைத்து மீன்முள் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். நாம் சைவம் என்று எத்தனை சொன்னாலும் அவருக்கு அது ஒரு வியாதியாகத்தான் பட்டது.)

"தாதா, ஜோல்காபார் ஹொயேசே?" என்றார். அண்ணா, ஜோல்காபார் ஆயிற்றா என்று!

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆக, தெருவுக்கே தெரிந்த வைத்தியம் இது. "ஆயிற்று பௌதி, வயிறு முட்ட" என்றேன்.

"பேஷ், பேஷ்! அதை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது" என்றார் அவர் பாஷையில்.

அவர் சமையலறையிலிருந்து லூச்சி பொரியும் வாசனை வந்தது. நம் பூரிக்குத் தங்கச்சி, வெள்ளைவெளேர் என்று இருக்கும். யாரோ விருந்தாளிக்கு என்று நினைத்துக்கொண்டேன். தினமும் விருந்தாளி வரும் வீடு என்று நினைத்துக்கொண்டேனே தவிர, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். காற்றை எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டர்பாபு சொல்லவில்லை. முதலில் மூக்கால் இழுத்துப் பார்த்தேன். அது சுவாசம், அதைத்தான் எப்போதும் செய்கிறோமே. பிறகு வாயைத் திறந்து, தெற்குப் பக்கம் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினேன். மென்று விழுங்கினால் ஏப்பம் குறைவாக வருகிறது என்று கண்டுபிடித்தேன். எத்தனை வாய் சாப்பிட வேண்டும், சாப்பிடுமுன் கை கழுவ வேண்டுமா என்றெல்லாம் எனக்குள் பெரிய ஆராய்ச்சி. பௌதி துணி எடுக்க மேலே வந்தார்.

"கீ கோர்சேன், தாதா?" என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்.

"ஹாவா காச்சி, பௌதி." காற்றைச் சாப்பிடுகிறேன் என்று மறைக்காமல் சொன்னேன்.

அவர் சிரிக்கவே இல்லை. "நல்லது! நன்றாகச் சாப்பிடுங்கள். என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் காற்றே சாப்பிடுவதில்லை. எந்நேரமும் கோர்ட்டு கேசு என்று உட்கார்ந்தே கிடக்கிறார்" என்றார்.

இதுதான் பிள்ளைகளே, என் விதி. நான் யாரிடம் சொன்னாலும் யாரும் மறுக்கவில்லை. ஆபீசில் சொன்னேன், பேஷ் என்றார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன், தானும் தினமும் ஏரிக்கரைக்குப் போய்க் காற்றைச் சாப்பிடுவதாகச் சொன்னார். அவர் தொந்தியைப் பார்த்தேன். காற்றிலும் கொழுப்பு இருக்கும் போலிருக்கிறது, அளவோடு சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ராத்திரி ஹால்கா, அதாவது லேசாக. காற்றைவிட லேசாக எது இருக்கிறது? இருந்தாலும் உங்கள் அம்மா சண்டை போட்டதால் அரை டம்ளர் மோர்.

இப்படியே துர்கா பூஜை வந்தது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. படியேறினால் கண்ணில் பூச்சி பறந்தது. ஆபீசில் ஒரு பெட்டியை பம்பாய்க்குப் பதில் பர்மாவுக்கு அனுப்பப் பார்த்தேன். "இந்த வைத்தியத்துல உங்க விரலு மட்டும்தான் மிஞ்சும் போலிருக்கு" என்றாள் உங்கள் அம்மா. நான் கேட்டால்தானே? பூஜை முடிந்தால் டெஸ்ட். ஒரு மாத்திரை கூட இல்லாமல் ஜெயித்துக் காட்ட வேண்டும் எனக்கு.

அஷ்டமி அன்று காலையில் எங்கள் தெருப் பந்தலில் அஞ்சலி. புரோகிதர் மந்திரம் சொல்லச் சொல்ல, நாமும் சொல்லி அம்மனுக்குப் பூப்போட வேண்டும். அதுவரை ஒன்றும் சாப்பிடக்கூடாது. மற்றவர்களுக்கு அது ஒருவேளைப் பட்டினி. எனக்கு முந்தின நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மோர்கூட இல்லை. ராத்திரி முழுக்க உங்களைத் தூக்கிக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றியதில் காற்று மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது. காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. விரதமாயிற்றே.

கூட்டமான கூட்டம். எங்கள் முறை வந்தபோது உச்சிவெயில். கையில் பூவோடு முன்வரிசையில் நின்றேன். புரோகிதர் ஒலிபெருக்கியில் மந்திரம் சொன்னார். அம்மனுக்குப் பத்துக் கை என்று தெரியும். எனக்கு இருபது தெரிந்தது. அதற்கப்புறம் சிங்கம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். மற்றது உங்கள் அம்மா சொன்னது.

நான் இரண்டு கைகளையும் தூக்கியபடி நெடுஞ்சாண்கிடையாகப் பழத்தட்டின் மேல் விழுந்தேனாம். யாரோ ஒரு அம்மாள், "மா எஷேசேன்!" என்று கத்தினாராம். அம்மன் வந்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள். சங்கு ஊதினார்கள். மேளக்காரர்கள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து மேளத்தைப் பிளந்து கட்டினார்கள். இரண்டு பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். (எந்தக் கால் விரலுக்காக இத்தனை பாடோ, அந்த விரலை!)

"அய்யோ, அது சாமி இல்ல, பசி! தண்ணி குடுங்க!" என்று உங்கள் அம்மா தமிழில் கத்தினாள். மேளச் சத்தத்தில், தமிழில்.

அதற்குள் பௌதியின் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். அலிப்பூர் கோர்ட்டில் அவருக்கும் அவர் தம்பிக்கும் அந்த மொட்டைமாடி யாருக்கு என்று வருஷக்கணக்காக வழக்கு. என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கை கூப்பி, "தாயே, என் கேஸ் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நேரத்தில்தான் லேசாக நினைவு வந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. "ஜோல்..." என்றேன்.

தண்ணீர் என்று கேட்டேன். ஆனால் பெங்காலியில் ஒன்று வீணாகப் போய்விட்டது என்றால் 'ஜோலே கெலோ', தண்ணீரோடு போயிற்று என்பார்கள். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ஜோலே கெலோ! தாயே சொல்லிவிட்டாள்! என் கேஸ் ஜோலே கெலோ!"

டாக்டர்பாபு வந்துதான் மேளத்தை நிறுத்தினார். அவரும் அஞ்சலி வரிசையில் நின்றிருந்தார். நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், என் வாயில் யாரிடமிருந்தோ வாங்கிய ஒரு சந்தேஷைத் திணித்தார். பாலில் செய்த இனிப்பு. உங்கள் அம்மா பாய்ந்தாள். "இனிப்பு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க!" அதுவும் தமிழில்தான்.

நான் கண் விழித்தேன். சுற்றிலும் தெருவே நின்றது.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார் டாக்டர்பாபு.

"இன்றைக்கு விரதம். மற்ற நாளில் ஜோல்காபார்."

"நல்லது. ஜோல்காபாரில் என்னென்ன?"

கேள்வியே எனக்குப் புரியவில்லை. "ஜோல்" என்றேன்.

"ஆர்?" அப்புறம்?

"அப்புறமும் ஜோல்."

டாக்டர்பாபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நேற்றுச் சாயங்காலம்?"

"நீங்கள் சொன்னபடி, காற்று."

"எப்படி?"

படுத்தபடியே வாயைத் திறந்து ஒரு வாய் விழுங்கிக் காட்டினேன்.

பிள்ளைகளே, அம்மன் வந்தபோதுகூட அந்தப் பந்தலில் அவ்வளவு சத்தம் கேட்கவில்லை. முதலில் சிரித்தது புரோகிதர், அதுவும் ஒலிபெருக்கியை அணைக்காமல். பௌதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணைப் பிடித்துக்கொண்டார். சந்தேஷ் கொடுத்த மனிதர் சிரித்துச் சிரித்து என் பக்கத்திலேயே படுத்துவிட்டார். சிரிக்காதவர் கேஸ்காரர் ஒருவர்தான்.

டாக்டர்பாபு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். ஜோல்காபார் என்றால் காலைப் பலகாரம். பொரி, ஊறவைத்த கொண்டைக்கடலை, வெள்ளரிக்காய், இரண்டு ரொட்டி. அதை விடவே கூடாது என்றுதான் அவர் சொன்னாராம். ஹாவா காபேன் என்றால் வெளியே போய்க் காற்றாட நடங்கள். பெங்காலிக்காரர்கள் தண்ணீரைச் சாப்பிடுகிறார்கள், டீயைச் சாப்பிடுகிறார்கள், சிகரெட்டைச் சாப்பிடுகிறார்கள். அடியையும் திட்டையும்கூடச் சாப்பிடுகிறார்கள். (முத்தத்தையும்தான். அதை அவர் அன்று சொல்லவில்லை, பிற்பாடு நானே தெரிந்துகொண்டேன்.)

உங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அட, நம்ம ஊர்ல காத்து வாங்கிட்டு வாரேன்னு சொல்லுதோமே, அதைச் சொல்லியிருக்காரு மனுஷன்! அதுக்கா இத்தனை நாள் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு டாக்டர்பாபு பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இந்தியில், "ஹம் லோக் ஹவா நஹி காத்தா. ஹம் லோக் ஹவா கரீத்தா" என்றாள். நாங்கள் காற்றைச் சாப்பிடுவதில்லை, வாங்குகிறோம்.

"வாங்குகிறீர்களா?" டாக்டர்பாபுவுக்குக் கண் விரிந்தது. "கிலோ என்ன விலை?"

அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எனக்கு ஒரு ஆறுதல். அவர் திருநெல்வேலிக்கு வந்து, எங்கள் டாக்டர் ஒருவர் அவரைப் பார்த்துச் சாயங்காலம் காற்று வாங்கச் சொல்லியிருந்தால், மனுஷன் கையில் பையோடு கடைத்தெருவில் அலைந்திருப்பார்.

அன்றையிலிருந்து அந்தத் தெருவில் எனக்குப் பெயர் ஹாவா-தா. காற்று அண்ணன். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். பௌதியின் வீட்டுக்காரர், அம்மனே சொன்ன பிறகு வக்கீலுக்கு எதற்குக் கொடுப்பது என்று தம்பியோடு ராசியாகப் போய்விட்டார். அது அம்மன் இல்லை, தாகம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "தாயே அப்படித்தான் சொல்வாள்" என்றார். பூஜைக்குப் பிறகு எடுத்த டெஸ்டை டாக்டர்பாபு கணக்கிலேயே எடுக்கவில்லை. பட்டினி கிடந்தவன் ரத்தம் பொய் சொல்லும் என்றார். பொரியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு, சாயங்காலம் ஒழுங்காக நடந்த பிறகு எடுத்ததைத்தான் பார்த்தார். மாத்திரை வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். இப்படியேதான் போய்க்கொண்டிருக்கிறது. விரல்கள் எல்லாம் இருக்கின்றன, போன வாரம்கூடப் பார்த்தேன். இன்றைக்கும் நான் செருப்பை மாட்டினால் குமார், "அப்பா, டின்னருக்குக் கிளம்பிட்டீங்களா?" என்கிறாய். கேள். ஆனால் நீயும் கூட வா. உன் வேலை உட்கார்ந்தே செய்கிற வேலை. ராஜி, உனக்கும்தான், காலையில் காபியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே. காபி ஜோல்காபார் இல்லை.

இன்னொன்று. இதை உங்கள் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

விசர்ஜனத்தன்று அவள் உங்களைக் கூட்டிக்கொண்டு அம்மனை வழியனுப்பப் போயிருந்தாள். தெருவுக்கு முகம் காட்ட எனக்குக் கூச்சம், வீட்டிலேயே இருந்துவிட்டேன். பௌதி ஒரு தட்டில் தேங்காய் உருண்டை கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்றை எடுத்து, பாதியைக் கடித்து, மீதியைத் தட்டில் வைத்து மூடினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பின்சந்து வழியாகக் கிளம்பி, அலிப்பூர்ப் பக்கம் போகும் பாலம் வரைக்கும் நடந்தேன். முதல் நடை. பாலத்தின் நடுவில் நின்றேன். ஊரெல்லாம் ஊர்வலத்தில் இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை.

வாயை நன்றாகத் திறந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினேன். சாம்பிராணிப் புகையும், எங்கோ பேகுனி பொரியும் எண்ணெயும், கீழே கால்வாய்ச் சேறும் கலந்து இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.

பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.